சங்கரன்கோவில் ஸ்டேக்கிங் செட்டு

யார்கிட்ட வேணும்னாலும் யாவாரம் பண்ணலாம் அண்ணாச்சி, யோக்கியன்கிட்ட மட்டும் பண்ணக்கூடாது. சிரிக்காதீய. வயிறு எரிஞ்சு சொல்லுதேன். திருட்டுப்பய கிட்ட போனா அவன் எப்படின்னு நமக்குத் தெரியும், நாம எப்படின்னு அவனுக்குத் தெரியும். ரெண்டு பேரும் ஆளுக்கு நாலு பொய் சொல்லி ஒரு விலைக்கு வந்து, டீயைக் குடிச்சிட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம். யோக்கியன் அப்படியா விடுதான்? நம்ம மானத்த வாங்கிட்டுத்தான் விடுதான்.

நீங்க பனவடலில ஏறுனதுல இருந்து என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு வாறீய. தானாப் பேசுதானே, கோட்டியான்னு நெனச்சிருப்பீய. கோட்டி எல்லாம் இல்ல, கோவம். காலையில சங்கரன்கோவிலுக்குப் போயிட்டு இப்ப திரும்புதேன். திருநெல்வேலி போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்லா, கேளுங்க. கேட்டுட்டு என் மேல என்ன தப்புன்னு நீங்களே சொல்லுங்க.

என் பேரு குற்றாலிங்கம். குத்தாலம்னு சொன்னாத்தான் நாலு பேருக்குத் தெரியும். ஜங்ஷன்ல வாட்ச் ரிப்பேர் கடை வச்சிருக்கேன், முப்பத்திரெண்டு வருஷமாச்சு. பேட்டரி மாத்துற கடைன்னு நெனச்சிராதீய. அதுவும் மாத்துவேன், வயித்துப்பாடு இருக்குல்லா. ஆனா நமக்குன்னு ஒரு பேரு இருக்கு. சாவி கொடுத்து ஓடுற பழைய வாட்ச, நாலு கடையில கைய விரிச்ச பொறவு, கடைசியா எங்கிட்டத்தான் கொண்டுவருவாவ.

பாளையங்கோட்டையில ஒரு பல் டாக்டரு இருக்காரு. பழைய வாட்சாத் தேடித் தேடி வாங்குற கிறுக்கு அவருக்கு. இந்த ஆனி மாசம் பதினாலு வாட்ச ஒரு மிட்டாய் டப்பாவுல போட்டுக் கொண்டாந்து மேசையில கொட்டுதாரு. பதினாலுலயும் அச்சு போயிருக்கு. வாட்சுக்குள்ள ஒரு சின்னச் சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கிட்டே இருக்கும்லா, அதோட அச்சத்தான் சொல்லுதேன். முனை தலைமுடி கனந்தான் இருக்கும். வாட்ச் கீழ விழுந்துச்சுன்னா மொதல்ல ஒடியறது அதுதான். ஒடிஞ்ச அச்ச எடுத்துட்டுப் புது அச்ச அந்தச் சக்கரத்துல வச்சு, மேல பஞ்ச்ங்கிற எஃகுக் குச்சிய எறக்கி, சின்னச் சுத்தியலால ஒரு தட்டு. பலமாத் தட்டுனாலும் போச்சு, தள்ளித் தட்டுனாலும் போச்சு.

இதுக்குன்னே ஒரு சாமான் இருக்கு, ஸ்டேக்கிங் செட்டும்பாவ. ஒரு இரும்புக் கை. அதுக்குக் கீழ வட்டமா ஒரு தட்டு. தட்டச் சுத்திப் பெருசுல இருந்து சிறுசு வரைக்கும் வரிசையா ஓட்டை. தட்டத் திருப்பி வேண்டிய ஓட்டையக் கைக்கு நேரா கொண்டாந்து நிறுத்தி, ஒரு பூட்டு இருக்கும், அத இறுக்கிறணும். மேல இருந்து பஞ்ச போட்டா ஓட்டைக்கு நட்ட நடுவுல எறங்கணும். கூட நூறு பஞ்ச், ஒவ்வொண்ணும் ஒரு சைஸு. அம்புட்டுத்தான் சாமான். ஆனா அது இல்லாம இந்த வேலையே இல்ல. எங்கிட்ட அது கிடையாது. அச்சு வேலை வந்தா மதுரைக்கு அனுப்பித்தான் செஞ்சு வாங்குவேன். அத கஸ்டமர்ட்ட சொல்லணும்னு ஒண்ணும் இல்லையே.

அந்த டாக்டரு கேக்காரு, "குத்தாலம், உங்ககிட்ட ஸ்டேக்கிங் செட்டு இருக்குல்லா? என் வாட்ச வெளிய எங்கயும் அனுப்பக்கூடாது." இருக்கு சார்ன்னுட்டேன். இல்லன்னு சொல்லியிருந்தா நேரா மதுரைக்குப் போயிருப்பாரு. இந்தப் பதினாலு முடிஞ்சா இன்னும் நாப்பது வீட்டுல இருக்குங்காரு. அத நம்பி வீட்டுல தண்ணி மோட்டார மாத்தலாம்னு பேசியாச்சு.

ஆக எனக்கு உடனடியா ஒரு செட்டு வேணும். புதுசு வாங்க நமக்குக் கட்டாது. வாட்ச் சாமான் விக்கிற மெட்டீரியல் கடைக்காரரு ஒருத்தரு சொன்னாரு, சங்கரன்கோவில்ல கோமதிநாயகம்னு ஒருத்தரு கடையக் காலி பண்ணுதாரு, அவர்ட்ட சுவிஸ் செட்டு ஒண்ணு இருக்குன்னு. ஆடித்தபசு கூட்டம் ஓயட்டும்னு காத்திருந்து, மறுவாரமே போயிட்டேன்.

வடக்கு ரத வீதியில சின்னக் கடை, பின்னாலயே வீடு. மனுஷனுக்கு என் வயசுதான் இருக்கும், ரெண்டு கூட இருந்தா அதிகம். வெள்ளைச் சட்டை, விபூதி. "வாங்க, வாங்க"ன்னு வாய் நெறையாக் கூப்பிடுதாரு, ஆனா கையெடுத்துக் கும்பிடல. ரெண்டு கையும் மேசைக்கு அடியிலயே இருக்கு. எனக்கு அப்பவே சுருக்குன்னுச்சு. சரி, நமக்குச் சாமான் தான வேணும்.

பெட்டிய எடுத்து வச்சதும் அவரு பொண்டாட்டிதான். ஆவுடையம்மான்னு பேரு. மூடியத் தெறந்தும் அவுகதான் காமிக்காவ. அண்ணாச்சி, தெறந்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்கிடுச்சு. ஒரு பஞ்சுல துரு இல்ல. எண்ணெய் போட்டுத் தொடச்சு வச்சிருக்கு, இம்புட்டுக்கும் முப்பது வருஷ உழைப்பு. அதுக்குள்ள இவரு ஆரம்பிச்சிட்டாரு. "மூணு பஞ்ச் கெடையாது, தொலஞ்சு போச்சு. மூடி கீல் மாத்துனது, பழசு இல்ல. இருவத்தேழாம் நம்பர் பஞ்ச் முனை லேசா மழுங்கியிருக்கும், பாத்துக்கிடுங்க." அவர் பாட்டுக்கு அடுக்கிக்கிட்டே போறாரு.

இது என்ன முறை, நீங்களே சொல்லுங்க. சாமான்ல இருக்குற குத்தத்த வாங்குறவன் கண்டுபிடிச்சுச் சொல்லணும், விக்கிறவன் இல்லவே இல்லன்னு சாதிக்கணும். அதுதான யாவாரம்? எல்லாக் குத்தத்தையும் அவரே சொல்லி, அதுக்குத் தக்கன விலையையும் குறைச்சு வச்சுக்கிட்டு, பதினெட்டாயிரம்னு உக்காந்திருந்தா, நான் என்னத்தச் சொல்லி எறக்க? கேட்ட விலையக் கொடுத்து வாங்கிட்டு வாற ஆளா நான்? எங்க தொழில்ல அப்படி வாங்கிட்டு வந்தா ஏமாந்த பயன்னு பேராயிரும்.

சரின்னு செக் பண்ண ஆரம்பிச்சேன். இரும்புக் கையில ஒரு நம்பர், தட்டுல ஒரு நம்பர் அடிச்சிருக்கும். ரெண்டும் ஒரே நம்பரா இருக்கணும். வேற செட்டுத் தட்டப் போட்டு ஒப்பேத்துறவன் உண்டு. பாத்தேன், ஒரே நம்பர். ஒவ்வொரு பஞ்சா லென்ஸ்ல பாத்தேன், அரம் போட்டுத் தேச்ச தடம் இல்ல. முனை தட்டையா இருக்குற பஞ்ச் ஒண்ணுக்குக் கீழ ஒரு துண்டு பேப்பர வச்சு லேசாத் தட்டுனேன். பஞ்ச் சாஞ்சிருந்தா தடம் ஒரு பக்கம் அழுத்தமா, ஒரு பக்கம் வெளுப்பா விழும். விழுந்தது அச்சடிச்ச வட்டம். மனசுக்குள்ள குதிக்குது. மூஞ்சிய மட்டும் எளவு வீட்டுல உக்காந்திருக்குற மாதிரி வச்சுக்கிட்டேன்.

கடைசியாத்தான் மெயின் செக்கு. கூர்ப் பஞ்ச்னு ஒண்ணு இருக்கும். தட்டத் தளர்த்தி விட்டுக்கிட்டு, அந்தப் பஞ்ச மேல இருந்து விட்டா, அதோட முனை ஓட்டைக்குள்ள எறங்கித் தட்டத் தானா நடுவுக்கு இழுத்துக்கிடும். அதுக்குப் பொறவுதான் பூட்ட இறுக்கணும். இந்த வரிசை மாறக்கூடாது. எல்லா ஓட்டையிலயும் போட்டுப் பாத்தேன், வெண்ணெயில எறங்குற மாதிரி எறங்குது. அப்பத்தான் எனக்கு அந்த யோசனை. தட்ட ஒரு மயிரிழை தள்ளி வச்சு, மொதல்ல பூட்ட இறுக்கிட்டேன். பொறவு பஞ்சப் போட்டேன். ஓட்டை விளிம்புல முட்டிக்கிட்டு நிக்குது.

"நாயகம், இங்க பாருங்க. கை வளைஞ்சிருக்கு"ன்னேன்.

"என்னது?"ன்னு எந்திரிச்சிட்டாரு.

இன்னொரு ஓட்டையில போட்டுக் காமிச்சேன். முட்டுது. இன்னொண்ணு. அதுவும் முட்டுது. "இத வச்சு எப்படி வேலை பாத்தீய? அடிக்கிற அச்செல்லாம் கோணிக்கிட்டுப் போயிருக்குமே. இதச் சரிபண்ண ஆண்டவனால கூட ஆகாது. எங்கயும் கீழ விழுந்துச்சா?"ன்னு ஒரு போடு போட்டேன்.

அதுக்கு அந்தம்மா, ஆவுடையம்மா, அடுக்களை வாசல்ல நின்னுக்கிட்டுச் சொல்லுதாவ, "ஆமா, போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பெட்டி பரண்ல இருந்து விழுந்துச்சு. திட்டுவாகளேன்னு சொல்லல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நான் சும்மா அடிச்சுவிட்டது, அது நெசமாவே விழுந்திருக்கு பாருங்க. ஆண்டவனே நம்ம பக்கம் நிக்கான்னு நெனச்சேன். பன்னெண்டுக்கு முடிச்சிரலாம்னு வாயத் தெறக்கப் போறேன். அந்த மனுஷன் அழுதுக்கிட்டு இருக்காரு.

அழுகைன்னா ஓவ்னு இல்ல. கண்ணு ரெண்டுல இருந்தும் கொட்டுது, வாயில சிரிப்பு. "அப்ப என் கை இல்ல. ஆவுடை, கேட்டியா, என் கை இல்ல"ங்காரு. பொங்கலுக்குப் பொறவு மூணு வாட்ச கெடுத்துட்டாராம். அடிச்ச அச்செல்லாம் கோணிப்போச்சாம். கையக் காமிச்ச டாக்டரு, நரம்புத் தளர்ச்சி, இனி நுணுக்க வேலை பாக்காதீயன்னுட்டாராம். அந்த மூணு வீட்டுக்கும் நடந்து போய் மன்னிப்புக் கேட்டுட்டு, கடையக் காலி பண்ண முடிவு பண்ணியிருக்காரு. "குத்தாலம், நீங்க மனுஷன் இல்ல, தெய்வம்"னு என் கையப் பிடிச்சிக்கிட்டாரு. அப்பத்தான் அந்தக் கையப் பாத்தேன். என் கையும் சேந்து ஆடுது.

எனக்கு மட்டும் மனசு இல்லையா அண்ணாச்சி? பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா வந்த காரியம்னு ஒண்ணு இருக்குல்லா. "சரி நாயகம், போனது போகட்டும். கோளாறோட நானே எடுத்துக்கிடுதேன், பன்னெண்டுன்னு போட்டுருவோம்"னேன்.

மாட்டேன்னுட்டாரு. "கெட்டுப்போன சாமான ஒரு தொழில்காரனுக்கு விப்பேனா? அத வச்சு நீங்க இன்னும் நாலு வாட்ச கெடுக்கவா?"

"நான் சரிபண்ணிக்கிடுதேன்."

"ஆண்டவனால கூட ஆகாதுன்னு நீங்கதான சொன்னீய."

பாருங்க, என் வாயாலயே என்னைய மடக்குதாரு. பதினஞ்சுன்னேன். பதினெட்டே தாறேன்னேன். கெட்ட சாமானுக்கு முழுக் காசு தாறேங்கேன், ஒரு மனுஷனுக்குச் சந்தேகம் வரணுமா வேண்டாமா? வரல. "உங்களுக்கு ரொம்ப எளகுன மனசு"ங்காரு. கடைசியில ரெண்டு இட்லியும் வடையும் வாங்கிக் கொடுத்து பஸ் ஏத்தி விட்டுட்டாரு. அத எப்படி முழுங்கினேன்னு எனக்குத்தான் தெரியும்.

அதுக்குப் பொறவு ஒரு மாசம் போன் மேல போன் போடுதேன். மனசு மாறியிருக்குமான்னு பாக்க. பல் டாக்டரு ரெண்டு தடவ வாட்சக் கேட்டுட்டாரு, ஆயில் போட்டு ஊற வச்சிருக்கு சார்னு சமாளிச்சேன். ஒருநாள் நாயகமே கூப்பிட்டாரு. குரல்ல அம்புட்டுச் சந்தோசம். "குத்தாலம், அந்தச் செட்டக் கையோட அறுத்துட்டேன்."

"என்னத்த அறுத்தீய?"

"இரும்பறுக்குற வாள வாங்கிட்டு வந்து, அந்தக் கைய நடுவுல அறுத்துட்டேன். ஒரு மத்தியானம் பூரா ஆச்சு. நாளைக்கு நான் செத்துப்போனா எவனாவது நல்ல செட்டுன்னு நெனச்சு வாங்கி ஏமாந்துறக்கூடாதுல்லா. பழைய இரும்புக்காரன்ட்ட போட்டாச்சு."

அண்ணாச்சி, அன்னைக்கு நான் கடையப் பூட்டிட்டுப் போய் ஆத்துப் பாலத்துல ஒரு மணி நேரம் நின்னேன். எப்பேர்ப்பட்ட சாமான். ஒரு நூல் பிசகு கெடையாது. நூறு வருஷம் ஓடியிருக்கும். கொலைகாரப் பாவி, அறுத்துப் போட்டுட்டேன்னு சிரிச்சிக்கிட்டே சொல்லுதான். அவனுக்கு யாருங்கேன் அந்த அதிகாரத்தக் கொடுத்தது?

அதோட விட்டாரா? கெடுத்த மூணு வாட்சுக்காரன் வீட்டுக்கும் திரும்பப் போயிருக்காரு. என் கை கோளாறு இல்ல, செட்டுதான் கோளாறு, திருநெல்வேலி குத்தாலமே வந்து பாத்துச் சொல்லிட்டாருன்னு. என் பேரச் சொல்லி. அப்புறம் மாப்பிள்ளை மூலமா பம்பாயில விசாரிச்சு, செகண்ட்ஹேண்ட்லயே வேற ஒரு செட்டு வரவழைச்சிருக்காரு. அந்தம்மா கை வளையல வித்து.

முந்தாநாள் போன். "குத்தாலம், இந்தச் செட்டும் கோளாறு போல இருக்கு. நேத்து ஒரு அச்சு போட்டேன், கோணிப்போச்சு. வந்து ஒரு பார்வை பாருங்க." எனக்கு எதுக்கு இந்த வேலைன்னு விட்டுருக்கணும். ஆனா ஒரு கணக்குப் போட்டேன். போவோம், இதையும் கோளாறுன்னு சொல்லுவோம், இந்தத் தடவ அறுக்க விடாம பைய வாங்கிட்டு வந்துருவோம். தப்பா? எனக்குச் செட்டு வேணும், அவருக்குக் கை நல்லாயிருக்குன்னு ஒரு பேச்சு வேணும். ரெண்டு பேருக்கும் நல்லதுதான?

காலையில பத்து மணிக்குப் போறேன். கடை வாசல்லயே ஆவுடையம்மா நிக்காவ. என்னைய ஒதுக்குப்புறமாக் கூப்பிட்டு, மெதுவா, "அன்னைக்கு மாதிரியே சொல்லிருங்க அண்ணாச்சி"ங்காவ.

"என்ன மாதிரி?"

"அன்னைக்கு நீங்க மொதல்ல பூட்டிட்டுத்தான பஞ்சப் போட்டீய. முப்பது வருஷம் பக்கத்துல உக்காந்து அவுக செய்றதப் பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

எனக்குக் காதெல்லாம் சூடாயிருச்சு. "பெட்டி விழுந்துச்சுன்னு சொன்னீயளே?"

"பெட்டி எங்க விழுந்துச்சு. எத்தன ராத்திரி தூங்காம அந்தக் கையவே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாக தெரியுமா? அன்னைக்குத்தான் சிரிச்சாக. நீங்க ஒரு பொய் சொன்னீய, நான் ஒண்ணு சேத்துக்கிட்டேன். இன்னைக்கும் சொல்லிருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

இது எவ்வளவு பெரிய மோசடின்னு பாருங்க அண்ணாச்சி. நான் சொன்னது யாவாரப் பொய். அத யாரும் பொய்னே சொல்ல மாட்டாவ, நாலு காசு எறங்குறதுக்குச் சொல்றது. அந்தம்மா எதுக்குப் பொய் சொல்லணும்? கட்டின புருஷன்ட்ட. நல்லாயிருந்த சாமான அறுத்துப் போடுற வரைக்கும் வாயத் தெறக்காம நின்னுருக்கு அந்தப் பொம்பள. அவுக மட்டும் அன்னைக்கு, பெட்டி விழல, நல்லாப் போட்டுப் பாருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் சிரிச்சிக்கிட்டே பதினாறுக்கு வாங்கிட்டு வந்திருப்பேன். ரெண்டு பேருமாச் சேந்து என்னைய ஏமாத்தியிருக்காவ.

உள்ள போறேன், கொதிச்சுப் போய்த்தான் போறேன். ஒரு கஸ்டமர் பெஞ்சுல உக்காந்திருக்காரு, தாலுகா ஆபீஸ்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவராம். கோணிப்போன அச்சு அவரு வாட்சோடதுதான். நாயகம் எனக்குப் புதுச் செட்டக் காமிக்காரு. முன்னத்த மாதிரி அவ்வளவு பழசில்ல, ஆனா நல்ல செட்டு. நம்பர் பாத்தேன். பேப்பர வச்சுப் பாத்தேன். தட்டத் தளர்த்திக் கூர்ப் பஞ்ச விட்டேன். எறங்குது. அடுத்த ஓட்டை, எறங்குது. அந்தம்மா வாசல்ல நின்னு என் கையவே பாக்காவ, பூட்டு பூட்டுங்கிற மாதிரி. உங்க வீட்டு வேலைக்காரனா நான், நீங்க சொன்னதும் பொய் சொல்ல? எனக்கு வீம்பு வந்துருச்சு.

"செட்டு சரியாத்தான் இருக்கு நாயகம்"னேன்.

"நல்லாப் பாருங்க."

பாத்தேன். "சரியா இருக்கு."

"இன்னொரு தடவ."

"எத்தன தடவ பாத்தாலும் சரியாத்தான் இருக்கு."

அந்த மனுஷன் அந்தக் கஸ்டமர் பக்கம் திரும்பிச் சொல்லுதாரு, "பாவம், இவருக்கும் கண்ணு முன்ன மாதிரி இல்ல. செக் பண்ணத் தெரியல."

எனக்கா தெரியல? முப்பத்திரெண்டு வருஷம். எங்கப்பன் சொன்னாலும் பொறுத்துக்கிட மாட்டேன் அண்ணாச்சி அந்தப் பேச்ச. உச்சிமண்டைக்கு ஏறிருச்சு. "யாருக்குய்யா செக் பண்ணத் தெரியாது? எனக்கா? அன்னைக்கு உம்ம செட்டுல ஒரு மயிரிழை கோளாறு கெடையாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான், மொதல்ல பூட்டிட்டுப் பஞ்சப் போட்டேன். முட்டுற மாதிரி நான் வச்சேன். முப்பது வருஷம் அத வச்சுத் தின்னுருக்கீரு, பூட்டிட்டுப் போட்டா முட்டும்னு உமக்குத் தெரியல, என்னையச் சொல்ல வந்துட்டீரு"ன்னு கத்திட்டேன். ரோட்டுல போறவன் நின்னு பாக்கான்.

கத்தி முடிச்ச பொறவுதான் என்ன சொன்னேன்னே எனக்கு ஒறைக்குது. அந்தம்மா சேலையால வாயப் பொத்திக்கிட்டாவ. அவரு என் பக்கம் திரும்புனாரு. நான் நெனச்சேன், அடிக்கப் போறாரு, இல்ல கையப் பத்தி ஏதாவது கேக்கப் போறாரு. அவரு கேட்டது இதுதான்.

"அப்ப அது நல்ல செட்டா?"

ஆமான்னு தலைய ஆட்டினேன்.

"அறுத்துப் போட்டுட்டேனே"ன்னாரு. அம்புட்டுத்தான். பிள்ளையப் பறிகொடுத்தவன் கூட அப்படிச் சொல்ல மாட்டான். அப்புறம் இத்தன நாளா மேசைக்கு அடியில வச்சிருந்த ரெண்டு கையையும் எடுத்து மேசை மேல வச்சாரு. மறைக்கல. மேசையில இருந்த ஸ்க்ரூ டப்பா சலசலன்னு சத்தம் போடுது. அந்தக் கஸ்டமர் எந்திரிச்சு வெளிய போய் நின்னுக்கிட்டாரு.

ஏதாவது திட்டியிருக்கலாம்ல? நாலு கெட்ட வார்த்தை? நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன், அதோட கழிஞ்சிருக்கும். திட்டல. பெஞ்சுல உக்காந்திருந்தவரக் கூப்பிட்டு, "சார், உங்க வாட்ச இவர்ட்ட கொடுத்திருங்க. இவரு கை நல்ல கை"ன்னாரு. அந்தம்மாட்ட பெட்டிய மூடச் சொன்னாரு. மூடி எங்கிட்ட நகத்தி வச்சாவ.

"கொண்டு போங்க குத்தாலம். இனி இது எனக்கு எதுக்கு."

"என்ன விலைன்னு சொல்லுங்க"ன்னேன். காச எடுத்துட்டேன், பொய் சொல்லல, பையில இருந்து எடுத்து மேசையில வச்சேன்.

"விலை வேண்டாம். வித்தா நீங்க குத்தம் சொல்லணும். இல்லாத குத்தத்த இன்னொருக்கச் சொல்ல வேண்டாம், சும்மாவே கொண்டு போங்க."

இத விடச் செருப்பக் கழத்தி அடிச்சிருக்கலாம். அடிச்சிருக்கலாமா இல்லையா? நீங்களே சொல்லுங்க. காச அந்தம்மா கிட்ட நீட்டினேன், வளையல் வித்த காசாவது வரட்டும்னு. அவுக கைய நீட்டல. கையில ரெண்டு கண்ணாடி வளையல்தான் கெடந்துச்சு. மேசையிலயே வச்சிட்டு வந்திருக்கலாம், ஆனா அந்த மனுஷன் நடுங்குற கையால அந்த நோட்டெல்லாம் எடுத்து ஒண்ணு சேத்து, ரெண்டு நோட்டு கீழ விழ, குனிஞ்சு பொறுக்கி, என் சட்டைப் பையில வைக்கப் பாக்காரு. ஒரு நிமிசம் ஆச்சு அவருக்கு அந்தப் பைய கண்டுபிடிக்க. நான் அசையாம நின்னுக்கிட்டு இருந்தேன்.

செட்ட வேண்டாம்னு சொல்லிட்டு வந்திருக்கணும்பீய. சொல்லியிருக்கணும். எனக்கு வேணுமே அண்ணாச்சி அது. பதினாலு வாட்ச் கெடக்கு.

இதோ, இந்தத் துணிப் பையிலதான் இருக்கு. நீங்க ஏறுறதுக்கு முன்னால மடியில வச்சு மூடியத் தெறந்து வச்சுக்கிட்டுத்தான் வந்தேன். ஒரு பஞ்ச் தேஞ்சிருந்தா போதும், ஒரு ஓட்டை கோணியிருந்தா போதும், போனப் போட்டு, "நாயகம், இதுல இன்ன குத்தம் இருக்கு, அதுக்குத் தக்கன இவ்வளவு தாறேன், மரியாதையா வாங்கிக்கிடும்"னு சொல்லிருவேன். சங்கரன்கோவில்ல இருந்து பனவடலி வரைக்கும் ஒவ்வொரு ஓட்டையா விட்டுப் பாத்தேன். முறையாத்தான் பாத்தேன், மொதல்ல பஞ்ச், பொறவுதான் பூட்டு. பஸ்ஸு இந்தக் குலுக்கு குலுக்குது, அப்பவும் நேரா எறங்குது சவம். ஒரு குத்தமும் இல்ல.